மூன்றாம் செமஸ்டரில் ‘ஊப்ஸ்’: எங்கே தடுக்கும், எப்படிக் கடப்பது?

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைப்படி கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் மாணவர் முதல் செமஸ்டரில் பைத்தான், இரண்டாவதில் சி, மூன்றாவதில் ஜாவா என்று அடுத்தடுத்து மூன்று மொழிகளைப் படிக்கிறார். ஜாவா வரும் தாளின் பெயர் ஆப்ஜெக்ட் ஓரியன்டட் புரோகிராமிங், குறியீடு சிஎஸ் 3391. மாணவர்கள் வாயில் அது ‘ஊப்ஸ்’. அதற்குத் துணையாக சிஎஸ் 3381 என்ற லேப்.

மொழி மாறுகிறது என்பதால் இதையும் இன்னொரு மொழிப் பாடமாகவே பலர் படித்துவிடுகிறார்கள். திரையில் அச்சிடுவது எப்படி, இன்புட் வாங்குவது எப்படி, அர்ரே எப்படி என்று பட்டியல் போட்டுப் படித்தால் பாஸாகிவிடலாம், பாடம் மட்டும் கைக்கு வராது. உண்மையில் சியிலிருந்து ஜாவாவுக்கு வருவதில் மொழி மாற்றம் சின்ன விஷயம். ‘இஃப்’, ‘ஃபார்’, ‘வைல்’ எல்லாம் ஏறக்குறைய அப்படியே இருக்கின்றன. மாறுவது நாம் கேட்கும் கேள்விதான். சியில் எழுதும்போது ‘அடுத்து என்ன செய்ய வேண்டும்?’ என்று கேட்டுக்கொண்டே வரிகளை அடுக்கினோம். இங்கே ‘இந்தத் தகவல் யாருடையது, அதை மாற்றும் உரிமை யாருக்கு உண்டு?’ என்று முதலில் கேட்க வேண்டும். பாடத்திட்டத்தின் ஐந்து யூனிட்டில் முக்கியமான இரண்டும் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் நடக்கின்றன.

இந்தச் சிந்தனை நார்வேயில் பிறந்தது. ஆஸ்லோவில் உள்ள நார்வே கணிப்பு மையத்தில் கிறிஸ்டன் நிகார்ட், ஓலே யோஹான் டால் என்ற இருவர் 1960-களில் நிஜ உலக நடப்புகளைக் கணினியில் நடத்திப் பார்க்க ஒரு மொழி தேடினார்கள். கவுன்ட்டர் முன் வரிசை, வரிசையில் நிற்பவர்கள், அவர்களைக் கவனிக்கும் ஊழியர் என்று பலர் ஒரே நேரத்தில் இயங்கும் இடத்தை, மேலிருந்து கீழே ஓடும் ஒரே கட்டளை வரிசையாக எழுதினால் தலை சுற்றிவிடும். ஒவ்வொருவருக்கும் அவரவர் தகவலையும் அவரவர் செயலையும் பிரித்துக் கொடுத்துவிட்டால் எழுதுவது எளிதாகிறது. அப்படி வந்த மொழிதான் சிமுலா 67. கிளாஸ், ஆப்ஜெக்ட், இன்ஹெரிட்டன்ஸ் மூன்றும் அதிலேயே இருந்தன. பிறகு ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சிக் கூடத்தில் ஆலன் கேயும் அவர் குழுவினரும் ஸ்மால்டாக் மொழியை உருவாக்கினார்கள். இந்த முறைக்குப் பெயர் வைத்தவரும் ஆலன் கேதான். சிமுலாவைப் பயன்படுத்திப் பழகிய பியார்னே ஸ்ட்ரூஸ்ட்ரப் 1979-இல் பெல் ஆய்வகத்தில் சிக்குள் கிளாஸைக் கொண்டுவரத் தொடங்கினார், அது சி++ ஆனது. சன் மைக்ரோசிஸ்டம்ஸில் ஜேம்ஸ் காஸ்லிங் குழுவினர் உருவாக்கிய ஜாவா 1995-இல் வெளிவந்தது. டாலுக்கும் நிகார்டுக்கும் 2001-ஆம் ஆண்டின் டூரிங் விருது கிடைத்தது. நாம் படிப்பது அறுபது ஆண்டுப் பழமையான யோசனை, இன்றும் வேலை செய்கிற யோசனை.

இனி லேபுக்குள் போவோம். லேப் பட்டியலில் இருக்கும் பயிற்சிகளில் என் கணக்கில் மிக உயர்ந்தது பே ஸ்லிப் புரோகிராம். எம்ப்ளாயி என்று ஒரு கிளாஸ் எழுத வேண்டும், அதில் பெயர், எண், முகவரி, மின்னஞ்சல், கைபேசி எண் இருக்கும். அதிலிருந்து புரோகிராமர், அசிஸ்டன்ட் புரொஃபசர், அசோசியேட் புரொஃபசர், புரொஃபசர் என்ற நான்கு கிளாஸ்களைப் பெறச் சொல்கிறது கேள்வி. பேசிக் பே-யில் 97 சதவீதம் டிஏ, 10 சதவீதம் எச்ஆர்ஏ, 12 சதவீதம் பிஎஃப், 0.1 சதவீதம் ஊழியர் மன்ற நிதி. மொத்தச் சம்பளமும் கைக்கு வரும் சம்பளமும் அச்சாக வேண்டும்.

கணக்கு எளிது. பேசிக் 50,000 ரூபாய் என்றால் டிஏ 48,500, எச்ஆர்ஏ 5,000, ஆக மொத்தம் 1,03,500. பிஎஃப் 6,000, மன்ற நிதி 50, இரண்டும் கழிந்தால் 97,450. இந்தக் கணக்கைப் பெரும்பாலான ரெக்கார்டு நோட்டுகளில் நான்கு முறை பார்க்கலாம். நான்கு கிளாஸ், நான்கிலும் அதே டிஏ வரி, அதே எச்ஆர்ஏ வரி, பெயர் மட்டும் வேறு. அவுட்புட் சரியாக வரும், மதிப்பெண்ணும் விழும்.

இப்போது டிஏ 97-லிருந்து 100 சதவீதம் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் புரோகிராமில் எத்தனை இடத்தில் திருத்த வேண்டும்? நான்கு என்றால் இன்ஹெரிட்டன்ஸ் எழுதியும் அதன் பயன் வந்து சேரவில்லை. நான்கில் ஒன்றை மறந்தால் அசோசியேட் புரொஃபசருக்கு மட்டும் பழைய டிஏ போகும், எரர் எதுவும் வராது. கணக்கைத் தாய் கிளாஸான எம்ப்ளாயியில் ஒரே இடத்தில் எழுதி, நான்கு பேரும் அதை அப்படியே பெறும்படி செய்தால் திருத்தம் ஒரே வரி. பேசிக் பே-யை நான்கு கிளாஸ்களிலும் சேர்க்கச் சொல்லிக் கேள்வித்தாள் கேட்கிறது. அப்படியே எழுதி மதிப்பெண் வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் அதைத் தாய் கிளாஸுக்கு நகர்த்தி ஒரு முறை எழுதிப் பாருங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது இன்ஹெரிட்டன்ஸ் எதற்கு என்று வகுப்பில் சொன்னது விளங்கும்.

இன்னொரு கேள்வியும் இங்கே எழ வேண்டும். நால்வருக்கும் கணக்கு ஒன்றே என்றால் நான்கு கிளாஸ் எதற்கு? பதவிப் பெயரை ஒரு தகவலாக வைத்து ஒரே கிளாஸில் முடித்துவிடலாமே? நியாயமான கேள்வி. நடத்தை மாறினால்தான் தனி கிளாஸுக்கு வேலை உண்டு, பெயர் மாறுவது மட்டும் போதாது. எனவே ஐந்தாவதாக ஒருவரைச் சேருங்கள்: மணிக்கணக்கில் சம்பளம் வாங்கும் பகுதிநேர ஆசிரியர். அவருக்கு டிஏ இல்லை, எச்ஆர்ஏ இல்லை, எடுத்த மணி நேரம் பெருக்கல் மணிக்கு இவ்வளவு, அவ்வளவுதான். இப்போது எம்ப்ளாயி வகையிலான ஓர் அர்ரேயில் ஐந்து பேரையும் போட்டு, ஒரு லூப்பில் ஒவ்வொருவரிடமும் பே ஸ்லிப் கேளுங்கள். லூப்புக்குள் இருப்பது ஒரே அழைப்பு. ஆனால் நால்வர் ஒரு மாதிரியும் பகுதிநேர ஆசிரியர் வேறு மாதிரியும் கணக்குப் போட்டுத் தருவார்கள். ‘இவர் புரொஃபசரா, பகுதிநேரமா’ என்று கேட்கும் ‘இஃப்’ எங்கும் தேவைப்படவில்லை. நாளை ஆறாவது வகை வந்தாலும் லூப்பைத் தொட வேண்டியதில்லை. பாலிமார்பிசம் என்று இரண்டு மார்க் கேள்விக்கு நாம் எழுதும் விடை இதைத்தான் சொல்ல முயல்கிறது.

அடுத்து, பலருக்குத் தடுக்கும் இடம் ரெஃபரன்ஸ். சியில் பாயின்டர் பார்த்துப் பயந்தவர்கள் ஜாவாவில் அது இல்லை என்று நிம்மதி அடைகிறார்கள். ஸ்டார் குறியும் ஆம்பர்சண்ட் குறியும் போய்விட்டன என்பது சரி. ஆனால் ஒரு வேரியபிளில் ஆப்ஜெக்டைப் போடும்போது அதில் உட்காருவது ஆப்ஜெக்ட் அல்ல, அது இருக்கும் இடம்தான். ஒரே வீட்டின் விலாசத்தை இரண்டு சீட்டில் எழுதி வைத்தால் வீடு இரண்டாகிவிடாது. அதுபோல ‘அ’ என்ற வேரியபிளில் இருக்கும் எம்ப்ளாயியை ‘ஆ’ என்ற வேரியபிளுக்குக் கொடுத்து, ‘ஆ’ வழியாகச் சம்பளத்தை மாற்றினால் ‘அ’ வழியாகப் பார்த்தாலும் மாறியிருக்கும். புது ஆப்ஜெக்ட் வேண்டும் என்றால் ‘நியூ’ என்று எழுதியாக வேண்டும். ஒரு புரோகிராமைப் படிக்கும்போது ‘நியூ’ எத்தனை முறை ஓடுகிறது என்று எண்ணிப் பார்க்கும் பழக்கம் இருந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

இதே காரணத்தால்தான் ஸ்ட்ரிங்கை ஒப்பிடுவதில் ஒரு பொறி இருக்கிறது. இரண்டு ஸ்ட்ரிங்கை == போட்டு ஒப்பிட்டால், அவை இரண்டும் ஒரே ஆப்ஜெக்டா என்றுதான் ஜாவா பார்க்கும், எழுத்துகள் ஒன்றா என்று பார்க்காது. புரோகிராமுக்குள்ளேயே மேற்கோள் குறிக்குள் ‘மதுரை’ என்று இரண்டு இடத்தில் எழுதி == போட்டால் உண்மை என்றே விடை வரும். காரணம், அப்படி நேரடியாக எழுதப்பட்ட ஒரே மாதிரியான ஸ்ட்ரிங்குகளை ஜாவா ஒரே இடத்தில் வைத்துப் பகிர்ந்துகொள்கிறது. அதைப் பார்த்து, இது சரியான வழி என்று மாணவர் நம்பிவிடுகிறார். அதே ‘மதுரை’யை ஸ்கேனர் மூலம் கீபோர்டிலிருந்து வாங்கினால் அது வேறு ஆப்ஜெக்ட், == பொய் என்று சொல்லும். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்போது தவறு எங்கே என்று தேடித் தேடிப் பொழுது போய்விடும். எழுத்துகளை ஒப்பிட ‘ஈக்வல்ஸ்’ மெத்தடைப் பயன்படுத்துங்கள், விதிவிலக்கு இல்லாமல்.

வேரியபிள் எந்த ஆப்ஜெக்டையும் காட்டாமல் ‘நல்’ ஆக இருக்கும்போது அதனிடம் வேலை சொன்னால் நல் பாயின்டர் எக்ஸெப்ஷன் வரும். முதல் மாதத்தில் அதிகம் பார்க்கப்போகும் சிவப்பு எழுத்து இதுதான். எம்ப்ளாயி அர்ரேயை ஐந்து இடத்துடன் உருவாக்கியதும் ஐந்து எம்ப்ளாயி கிடைத்துவிட்டதாக நினைப்பதே பெரும்பாலும் காரணம். கிடைத்திருப்பது ஐந்து காலி இடம், ஒவ்வொன்றிலும் ‘நல்’. ஆள்களைத் தனித்தனியாக ‘நியூ’ போட்டு நிரப்ப வேண்டும். ஜாவா 15 முதல் எந்த வேரியபிள் ‘நல்’ என்பதையும் அந்தச் செய்தியே சொல்லிவிடுகிறது. பலர் அதைப் படிப்பதே இல்லை, சிவப்பைக் கண்டதும் மூடிவிட்டுப் பக்கத்து சிஸ்டத்தில் இருப்பவரைக் கேட்கிறார்கள். எரரின் முதல் வரியையும் அது காட்டும் வரி எண்ணையும் படித்துவிட்டுக் கேளுங்கள். இது ஒன்றே உங்களை வகுப்பில் முன்வரிசைக்குக் கொண்டுவரும்.

‘ஸ்டாட்டிக்’ பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். மெயின் மெத்தட் ஸ்டாட்டிக்காக எழுதப்படுவதற்குக் காரணம் உண்டு: புரோகிராம் தொடங்கும் நொடியில் எந்த ஆப்ஜெக்டும் இருக்காது, எனவே ஆப்ஜெக்ட் இல்லாமலேயே அழைக்கக்கூடிய ஒரு மெத்தட் தேவை. மெயினுக்குள்ளிருந்து சாதாரண மெத்தடை நேராக அழைத்தால், ஸ்டாட்டிக் அல்லாததை இங்கிருந்து அழைக்க முடியாது என்று கம்பைலர் மறுக்கும். அப்போது பலர் செய்வது, அந்த மெத்தடுக்கும் ஸ்டாட்டிக் போடுவது. பிறகு அது தொடும் வேரியபிளுக்கும் ஸ்டாட்டிக். கொஞ்ச நேரத்தில் எரர் எல்லாம் போய்விடும், ஆப்ஜெக்டும் போய்விடும். மிஞ்சுவது ஜாவா எழுத்தில் ஒரு சி புரோகிராம். எம்ப்ளாயியின் பேசிக் பே-க்கு ஸ்டாட்டிக் போட்டுவிட்டால் ஐந்து ஊழியருக்கும் கடைசியாகக் கொடுத்த ஒரே சம்பளம் அச்சாவதைப் பார்க்கலாம், ஏனென்றால் அந்த வேரியபிள் இப்போது ஆளுக்கு ஒன்றாக இல்லை, கிளாஸுக்கே ஒன்றாகிவிட்டது. கம்பைலர் மறுக்கும்போது சரியான பதில் மெயினுக்குள் ஓர் ஆப்ஜெக்டை உருவாக்கி அதன் வழியாக அழைப்பது. 2025 செப்டம்பரில் வெளிவந்த ஜாவா 25-இல் மெயினை ஸ்டாட்டிக் இல்லாமலேயே எழுதலாம் என்று மாற்றியிருக்கிறார்கள். தொடக்க மாணவர்களின் சிரமத்தை மொழியை வடிவமைப்பவர்களே உணர்ந்திருக்கிறார்கள் என்பது மகிழ்ச்சி தருகிறது.

என்கேப்சுலேஷன் என்றால் வேரியபிளை பிரைவேட் ஆக்கிவிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு கெட்டர், ஒரு செட்டர் எழுதுவது என்று சொல்லிக்கொடுக்கப்படுகிறது. அதோடு நிறுத்துவது பெரிய குறை. பேசிக் பே-யை பிரைவேட் ஆக்கிவிட்டு, எந்த எண்ணைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும் செட்டரை எழுதினால் கதவைப் பூட்டிச் சாவியை வாசலில் வைத்த கதைதான். மைனஸ் 5,000 கொடுத்தால் அதுவும் உள்ளே போகும். ‘இதை வெளியிலிருந்து யாராவது மாற்ற வேண்டிய தேவை உண்டா?’ என்று முதலில் கேளுங்கள். ஊழியர் எண் மாறவே கூடாது என்றால் அதைக் கன்ஸ்ட்ரக்டரில் ஒரு முறை கொடுத்துவிட்டு, செட்டர் எழுதாமல் விடுங்கள். சம்பளம் உயர்வால் மட்டுமே மாறும் என்றால் செட்டருக்குப் பதில் ‘உயர்வு கொடு’ என்ற மெத்தடை எழுதி, அதற்குள் எண்ணைச் சரிபாருங்கள். எழுதாமல் விடும் செட்டர்களில்தான் என்கேப்சுலேஷன் இருக்கிறது.

இன்ஹெரிட்டன்ஸ் இனிப்பாக இருப்பதால் அளவுக்கு மீறிப் பயன்படுத்தத் தோன்றும். ஜாவாவின் சொந்த நூலகத்திலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது. லேபில் ஸ்டாக் எழுதுகிறோம்: மேலே வைக்கலாம், மேலிருந்து எடுக்கலாம், நடுவில் கை வைக்க முடியாது. ஜாவாவில் தயாராக இருக்கும் ஸ்டாக் கிளாஸோ வெக்டர் என்ற கிளாஸிலிருந்து பெறப்பட்டது. வெக்டரில் எந்த இடத்திலும் செருகலாம், எங்கிருந்தும் நீக்கலாம். அந்த உரிமைகள் அனைத்தும் வாரிசாக ஸ்டாக்குக்கு வந்துவிட்டன. விளைவு, ஜாவாவின் ஸ்டாக்கில் நடுவிலும் செருக முடியும். ஸ்டாக் தேவைப்பட்டால் டெக் என்ற இன்டர்ஃபேஸைப் பயன்படுத்துமாறு ஜாவா ஆவணமே இப்போது பரிந்துரைக்கிறது. ஸ்டாக் என்பது ஒரு வகை வெக்டர் அல்ல, உள்ளே ஒரு வெக்டரை வைத்துக்கொண்டு வேலை செய்யும் பொருள். எம்ப்ளாயி, புரொஃபசர் விஷயத்தில் ‘புரொஃபசர் ஓர் ஊழியர்’ என்று தயங்காமல் சொல்லலாம், அங்கே இன்ஹெரிட்டன்ஸ் பொருந்தும். அப்படிச் சொல்ல நா தயங்கும் இடத்தில் அந்த ஆப்ஜெக்டை உள்ளே ஒரு மெம்பராக வைத்துக்கொள்வதே நல்லது.

மீதி யூனிட்டுகளை விரைவாகப் பார்க்கலாம். எக்ஸெப்ஷன் எளிது, ஆனால் ‘கேட்ச்’ பிளாக்கைக் காலியாக விடும் பழக்கம் மட்டும் வேண்டாம், தவறு நடந்ததற்கான தடயமே இருக்காது. திரெட் பயிற்சியில் ஒரு திரெட் விநாடிக்கு ஓர் எண்ணை உருவாக்கும், எண் இரட்டைப்படை என்றால் இன்னொன்று வர்க்கம் போடும், ஒற்றைப்படை என்றால் மூன்றாவது கனம் போடும். மூன்றும் ஒரே எண்ணைப் பகிர்ந்துகொள்வதால் ‘யாருடைய தகவல்’ என்ற கேள்வி இங்கேதான் கூர்மையாகிறது. ஜெனரிக்ஸை ஸ்டாக் பயிற்சியோடு சேர்த்துப் படித்தால் பாதி நேரத்தில் முடியும். ஜாவாஎஃப்எக்ஸ் யூனிட்டில் பாடத்தைவிட இன்ஸ்டால் செய்வதே பலருக்குச் சிரமமாக இருக்கிறது. 2018-இல் வந்த ஜாவா 11 முதல் அது ஜேடிகே-வுடன் சேர்ந்து வருவதில்லை, தனியாக இறக்கி இணைக்க வேண்டும். பழைய வீடியோவைப் பார்த்துச் செய்தால் ஓடாததற்குக் காரணம் இதுவே, உங்கள் சிஸ்டத்தில் கோளாறு இல்லை.

தேர்வைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு மார்க் கேள்வி பத்து, 13 மார்க் கேள்வி ஐந்து, 15 மார்க் கேள்வி ஒன்று, ஆக 100. இரண்டு மார்க்குக்கு வரையறைகளை மனப்பாடம் செய்வது தேவைதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 13 மார்க் கேள்வியில் புரோகிராமை நெட்டுருப் போட்டு எழுதுபவருக்கும் யோசித்து எழுதுபவருக்கும் வித்தியாசம் விடைத்தாளிலேயே தெரியும். நெட்டுருவில் ஒரு வரி மறந்தால் அடுத்த வரி வராது. யோசித்து எழுதுபவர் மெத்தடின் பெயரை மறந்தாலும் வேறு பெயர் வைத்து முடித்துவிடுவார். பாடத்திட்டம் சொல்லும் ஹெர்பர்ட் ஷில்ட் புத்தகம் பெரியது, அகராதிபோல வைத்துத் தேடுங்கள், முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டாம். அண்ணா பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்த இ. பாலகுருசாமியின் ஜாவா புத்தகம் தொடக்கத்துக்கு எளிது, பல கல்லூரி நூலகங்களில் கிடைக்கும். ஐஐடி காரக்பூரின் ஜாவா பாட வீடியோக்கள் என்பிடெல் தளத்தில் இலவசம்.

தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வந்தவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். இந்தப் பாடத்தில் இருக்கும் ஆங்கிலம் சில டஜன் சொற்கள்தான், அவை முதல் மாதத்திலேயே பழகிவிடும். யோசிப்பதைத் தமிழிலேயே யோசியுங்கள். இந்தச் சம்பளக் கணக்கு யார் பொறுப்பு, இந்த எண்ணை யார் மாற்றலாம் என்ற கேள்விகளுக்குத் தமிழில் விடை எழுதி வைத்துக்கொண்டு, பிறகு ஜாவாவில் எழுதுங்கள். வைவாவில் ஆங்கிலம் தடுமாறினாலும், தான் எழுதிய புரோகிராமில் ஒரு வரியை நீக்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தெரிந்தவரை எக்ஸ்டர்னல் மதிப்பார்.

ரெக்கார்டு நோட்டை சீனியரிடம் வாங்கிப் பார்த்து எழுதும் முன், பே ஸ்லிப் புரோகிராமை மட்டுமாவது யாருடையதையும் பார்க்காமல் நீங்களே டைப் செய்யுங்கள். ஓடியதும் பகுதிநேர ஆசிரியரைச் சேருங்கள், டிஏ-யை 100 ஆக்குங்கள், எத்தனை வரியைத் தொட்டீர்கள் என்று எண்ணுங்கள். இந்த வாரமே செய்துவிடுங்கள், இன்டர்னல் தேர்வு நெருங்கிவிட்டால் நேரம் கிடைக்காது.